நீலமாகிப் போன பால்

வேதியியலை நான் தேர்ந்தெடுக்கவில்லை. அதுதான் மிச்சம் இருந்தது. ப்ளஸ் டூ முடித்தபோது பி.காம். படித்து, பேங்க் பரீட்சை எழுதி, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து வருகிறவர்களை எல்லாம் “அந்தக் கவுண்டருக்குப் போங்க” என்று விரட்ட வேண்டும் என்பது என் லட்சியம். நானும் அப்பாவும் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்த நேரத்தில் பி.காம். இடங்கள் தீர்ந்துவிட்டன. கம்ப்யூட்டர் சயின்ஸும் தீர்ந்துவிட்டது. சேர்க்கை அறையில் இருந்த சார், கேட்ட சோப்பு இல்லாதபோது வேறு சோப்பை எடுத்துக் காட்டும் கடைக்காரர் மாதிரி, “கெமிஸ்ட்ரி இருக்கும்மா, தரட்டுமா?” என்றார். அப்பா என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

எங்கள் கல்லூரி சின்னது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, பின்பக்கம் மலை தெரிகிற மாதிரி இருக்கும். மேற்கே மேகம் இறங்கினால் எங்கள் லேபில் ட்யூப் லைட் போட வேண்டும். இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் அங்கேதான் வந்து சேருவோம். முதல் வாரம் முழுக்க வகுப்பில் பேசப்பட்டது ஒரே விஷயம்தான்: யார் எப்போது வேறு துறைக்கு மாறப் போகிறோம். விரும்பி வந்தவர் என்று ஒருத்தர்கூட இல்லை. நர்சிங் கிடைக்காதவள், தமிழ் கிடைக்காதவன், அக்கா இங்கே படித்தாள் என்பதற்காகக் கொண்டுவந்து விடப்பட்டவள். ரயிலைத் தவறவிட்டவர்கள் எல்லாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

அப்படி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள்தான் ராஜபாளையத்துக்காரி. வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், கோபம் வந்தால் இரண்டும். அவள் வீட்டில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிகள் உண்டு. ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குக் கட்டுகிற அந்தச் சல்லடை போன்ற துணிதான். தறிச் சத்தத்திலேயே வளர்ந்தவள் என்பதால் அவளுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. ரகசியம் சொன்னால்கூட மூன்றாவது பெஞ்சு வரை கேட்கும். எங்களுக்குப் பின்னால் உட்கார்ந்தவன் அவள் ஊர்க்காரன். சர்ச்சில் பாடுகிறவன். அவன் அம்மா மில்லில் வேலை பார்த்தார். இவனுக்கு எஸ்.ஐ. ஆக வேண்டும் என்று ஆசை. அதனால் பிப்பெட்டைப் பிடிக்கும்போதுகூட நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நிற்பான்.

எனக்கு வாய் அதிகம், கோபம் அதைவிட அதிகம். முதல் நாளே அவனோடு சண்டை. எங்கள் வீட்டில் பால்கோவா கிண்டுகிறோம் என்று தெரிந்ததும் என்னை “ஏ பால்கோவா” என்று கூப்பிட ஆரம்பித்தான்.

“எங்க ஊர்ப் பேரச் சொன்னா நாலு பேரு நாக்கச் சப்புக் கொட்டுவாவ. ஒங்க ஊர்ப் பேரச் சொன்னா நாய்தான ஞாபகத்துக்கு வரும்?” என்றேன்.

“அந்த நாய் எம்புட்டு வெல தெரியுமாட்டி? ஒங்க ஊரு மொத்த இனிப்பையும் வித்தாலும் ஒரு குட்டி வாங்க முடியாது” என்றான்.

ராஜபாளையத்துக்காரி இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்த சிரிப்பில் வகுப்பே திரும்பியது. வேறு துறைக்கு மாறுவதற்கு எழுதிக் கொடுக்க வேண்டிய கடைசி நாள் எப்போது வந்தது, எப்போது போனது என்று எங்களில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

எங்கள் லேபைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய கல்லூரிகளில் கேட்டது கிடைக்கும். எங்களுக்குக் கேட்டால் “எழுதிப் போட்டிருக்கு” என்ற பதில் கிடைக்கும். ஆகவே அங்கே ஒரு பழக்கம் இருந்தது. யார் ஆரம்பித்ததோ தெரியாது, எங்களுக்கு முந்தைய செட்டுகளும் அதையே செய்திருக்கின்றன. அவரவர் வீட்டில் எது மிஞ்சுமோ அதை லேபுக்குக் கொண்டுவருவது. மில் வேலை பார்க்கும் வீட்டுப் பிள்ளைகள் கழிவுப் பஞ்சு கொண்டுவருவார்கள், லேப் மேஜை துடைக்க. ஒருத்தி வீட்டில் மளிகைக் கடை. காலி ஹார்லிக்ஸ் பாட்டில்கள் அவள் பொறுப்பு. ராஜபாளையத்துக்காரி துண்டு துணிகள் கொண்டுவருவாள். தறியில் ஓரம் பிசகி ஒதுக்கி, துவைத்து வைத்த துண்டுகள். கண்ணாடிச் சாமான்களை அதில் துடைத்தால் பளிச்சென்று இருக்கும். நான் வாணலி ஓரத்தில் ஒட்டிய பால்கோவாப் பொருக்கு கொண்டுபோவேன். அது லேபுக்குள் போகாது, வாசலிலேயே காலியாகிவிடும். எச்.ஓ.டி. மேடத்துக்கு ஒரு பங்கு தனியாக எடுத்து வைப்போம். அவிய சர்க்கரை நோய்க்காரவிய, “எனக்கு எதுக்குடா” என்று சொல்லிக்கொண்டே வாங்கிக்கொள்வார்கள்.

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. மூன்றாம் வருஷம் கல்லூரியில் கண்காட்சி வைத்தார்கள். ஒவ்வொரு துறையும் ஊர் மக்கள் வந்து பார்க்கிற மாதிரி ஏதாவது செய்ய வேண்டும். தாவரவியல்காரர்கள் மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பிலிருந்து இலைகள் கொண்டுவந்து ஒட்டினார்கள். எங்களுக்கு வந்தது உணவுக் கலப்படம். மிளகாய்ப் பொடியில் செங்கல் தூள், டீத்தூளில் சாயம், பாலில் ஸ்டார்ச். மக்கள் வீட்டிலிருந்து கொஞ்சம் கொண்டுவந்தால் அங்கேயே சோதித்துச் சொல்வோம் என்று நோட்டீஸ் அடித்தாயிற்று.

பால் சோதனை ரொம்ப எளிது. சிறிது பாலை எடுத்துக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, அயோடின் சில சொட்டு விட வேண்டும். நல்ல பால் என்றால் லேசான பழுப்பாகும். கெட்டியாகத் தெரிய வேண்டும் என்று யாராவது மாவு கலந்திருந்தால் நீலமாகிவிடும். கண்ணுள்ள யாருக்கும் புரியும். அதனால்தான் எனக்கு அது பிடித்திருந்தது.

கண்காட்சிக்கு முந்தைய வாரம் ஒத்திகை வைத்துக்கொண்டோம். ஆளுக்குக் கொஞ்சம் வீட்டுப் பால் கொண்டுவர வேண்டும். மற்றவர்கள் எல்லோரும் பச்சைப் பால் கொண்டுவந்தார்கள். எங்கள் வீட்டில் அப்பா விடியற்காலையிலேயே பாலை அடுப்பில் ஏற்றிவிடுவார். நான் எழுந்து போனபோது எல்லாம் கொதித்துக்கொண்டிருந்தது. அதிலேயே ஒரு கரண்டி மொண்டு தூக்குவாளியில் ஊற்றி மூடி, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். போய்ச் சேருவதற்குள் மேலே ஆடை கட்டிவிட்டது.

ஒவ்வொரு பாலாக டீ வடிகட்டியில் வடித்துச் சோதித்தோம். எல்லாம் பழுப்பு. கடைசியாக என்னுடையது. பர்னரில் வைத்துச் சூடாக்கி ஊற்றினால் வடிகட்டி ஆடையில் அடைத்துக்கொண்டது. “இருட்டி, நல்ல துணி தாரேன்” என்று ராஜபாளையத்துக்காரி பையிலிருந்து ஒரு துண்டு எடுத்து, இரண்டாக மடித்து, பீக்கர் வாயில் பிடித்தாள். பால் அழகாக இறங்கியது. கொதிக்க வைத்தோம், ஆற்றினோம், அயோடின் விட்டோம்.

நீலம்.

லேசாக அல்ல. இங்க் கொட்டிய மாதிரி நீலம். டெஸ்ட் டியூபை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தேன். வெளிச்சத்தில் இன்னும் நீலமாக இருந்தது. மிச்சம் இருந்த வடிகட்டிய பாலில் மறுபடி செய்தோம். மறுபடியும் நீலம்.

“ஏ பால்கோவா” என்று எதற்கெடுத்தாலும் கூப்பிடுகிறவன் அன்றைக்குக் கூப்பிடவில்லை. அவன் கேலி செய்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். சண்டை போட்டிருந்தால் சரியாகியிருக்கும். அவனோ மெதுவாக வந்து, “விடு. ஒன் சாம்பிள மட்டும் எடுத்துருவோம். நம்மளத் தாண்டி வெளிய போகாது” என்றான். வாசலில் எட்டிப் பார்த்த மேடமும், கல்லூரியைப் பார்வையிட ஆய்வுக் குழு வருகிற அவசரத்தில், “சரியா வரலைன்னா அந்த ஒண்ணத் தூக்கிருங்கப்பா” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ராஜபாளையத்துக்காரி என் தோளில் கை வைத்தாள். அந்தக் கையை நான் தட்டிவிட்டேன். எல்லோரும் என் மேல் அன்பாக இருந்தார்கள். அதற்கு ஒரே அர்த்தம், எல்லோரும் அதை நம்பிவிட்டார்கள் என்பதுதான். அந்த இரக்கத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உண்மையைச் சொன்னால், நானும் பாதி நம்பிவிட்டேன்.

எங்கள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில். பின்பக்கம் தகரம் போட்ட கொட்டகை, அதில் முந்திரித் தோடு போட்டு எரிக்கிற இரண்டு அடுப்பு. அப்பா பெரிய கடை எதுவும் வைத்திருக்கவில்லை. கிண்டி, கடைகளுக்குக் கொடுக்கிறவர். அவர் பெயர் எந்த டப்பாவிலும் இருக்காது. ஆனாலும் கடைக்காரர்கள் “அண்ணாச்சி சரக்கு” என்று தனியாக எடுத்து வைப்பார்கள். வீட்டில் அதைப் பற்றி அவர் பேசியது கிடையாது. அன்று பஸ்ஸில் வரும்போது எனக்கு வந்த யோசனைகள் எல்லாம் கேவலமானவை. போன கோடையில் பால் தட்டுப்பாடாக இருந்ததே, அப்போது எப்படிச் சமாளித்தார்? அண்ணாச்சி சரக்கு மட்டும் எப்படி அவ்வளவு கெட்டியாக வருகிறது? இத்தனை வருஷம் தின்ற சோறு எல்லாம் அந்த நீலத்திலிருந்து வந்ததா?

வீட்டுக்குப் போனதும் அவரைப் பார்த்தேன். கொட்டகை வாசலில் பால்கோவா கிண்டுகிற துடுப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். “என்னட்டி, சீக்கிரம் வந்துட்ட?” என்றார். கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். எப்படிக் கேட்பது? அப்பா, நீங்கள் பாலில் மாவு கலக்கிறீர்களா? இந்தக் கேள்விக்கு ஆம் என்றாலும் நான் செத்தேன். இல்லை என்றாலும், அவர் முகத்தை அதற்குப் பிறகு எப்படிப் பார்ப்பது? “தலவலி” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

பையில் ஒரு சின்ன சொட்டு பாட்டிலில் அயோடின் இருந்தது. லேபிலிருந்து வரும்போது எடுத்து வந்திருந்தேன். அப்பா சரக்கைக் கொடுக்க டி.வி.எஸ். எக்ஸெல் வண்டியில் கிளம்பினதும் கொட்டகைக்குப் போனேன். சாயங்காலப் பால் கேனில் வந்து இறங்கியிருந்தது. ஒரு டம்ளரில் எடுத்துக் கொதிக்க வைத்து, ஆற்றி, சொட்டு விட்டேன். அவசரத்தில் சொட்டுக்குப் பதில் ஒழுகியே விட்டது. பழுப்பு. இன்னும் விட்டேன். இன்னும் பழுப்பு.

சந்தோஷப்படவில்லை. அயோடின் கெட்டுப்போயிருந்தால்? அடுப்படிக்கு ஓடி, சோறு வடித்த கஞ்சியில் ஒரு சொட்டு விட்டேன். பளீரென்று நீலம். அயோடின் சரிதான். அப்போது அம்மா உள்ளே வந்தார்.

“ஏட்டி, கஞ்சில மைய ஊத்தி வச்சிருக்க? மாட்டுக்கு ஊத்தணுமே, யாரு குடிப்பா இத?”

“மாடு குடிக்கும்மா. மாட்டுக்குக் கலரு தெரியாது” என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அந்தக் கஞ்சியை வாய்க்காலில் ஊற்றினார்.

ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். சாயங்காலப் பால் சுத்தம். ஆனால் லேபுக்குப் போனது காலைப் பால். அது வேறு வீடுகளிலிருந்து வருவது. ஆகவே இன்னும் எதுவும் தீரவில்லை. ஆனால் ஒரு விஷயம் எனக்கே விசித்திரமாக இருந்தது. நான் அழவில்லை. அடுத்து எதைப் பார்ப்பது, எதில் தப்பு நடந்திருக்கலாம் என்று மனசு வரிசையாகத் தேடிக்கொண்டே போனது. இரண்டு வருஷமாகப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த பாடம் முதல் தடவையாக எனக்குத் தேவைப்பட்டது. பேங்க் கவுண்டர் ஞாபகத்துக்கே வரவில்லை.

மறுநாள் அப்பா எழுவதற்கு முன்பே எழுந்து, காலைப் பால் இறங்கின உடனே பச்சையாகக் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். பொறவு கொதித்ததிலும் கொஞ்சம். அப்பா கேட்டதற்கு “காலேஜ்ல கேட்டாவ” என்றேன். பொய் இல்லை.

லேபில் அவர்கள் இரண்டு பேரும் எனக்கு முன்பே வந்திருந்தார்கள். நான் அவர்களிடம் முகம் கொடுத்துப் பேசாமல் வேலையை ஆரம்பித்தேன். பச்சைப் பால், பழுப்பு. கொதித்த பால், வடிகட்டாமல் அப்படியே, பழுப்பு. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“அப்ப நேத்து?” என்றான் அவன்.

“டைட்ரேஷனுக்கு பிளாங்க் போடுவோம்ல. இதுக்கு மட்டும் ஏன் போடல?” என்றேன்.

பிளாங்க் என்றால் வேறொன்றும் இல்லை. சோதிக்க வேண்டிய பொருளை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அதே மாதிரி செய்து பார்ப்பது. அதிலும் நிறம் மாறினால் குற்றம் பொருளில் இல்லை, நம் சாமானில் இருக்கிறது. இவ்வளவு எளிது. இவ்வளவு எளிதானதை மூன்றாம் வருஷப் பிள்ளைகள் அத்தனை பேரும் மறந்திருந்தோம்.

பாலுக்குப் பதில் தண்ணீரை எடுத்துக்கொண்டோம். பீக்கரில் சூடாக்கி, சொட்டு விட்டோம். பழுப்பு. டீ வடிகட்டியில் ஊற்றினோம். பழுப்பு. “துணி கொடு” என்றேன். அவள் அதே மாதிரி ஒரு துண்டை எடுத்து மடித்துப் பிடித்தாள். கொதிக்கிற தண்ணீரை ஊற்றினேன். கீழே இறங்கிய தண்ணீர் சுத்தமாகத்தான் தெரிந்தது. ஆற்றி, சொட்டு விட்டோம்.

வெறும் தண்ணீர் நீலமாகிவிட்டது.

“அய்யோ தேவுடா!” என்று அவள் போட்ட கூச்சல் மேலே பிரின்சிபால் அறை வரை போயிருக்கும். “கஞ்சி! பாவுக்குக் கஞ்சி போடுவோம்ட்டி!”

தறியில் நீளவாட்டில் ஓடுகிற நூலைப் பாவு என்பார்கள். ஓடும்போது அறுந்துவிடாமல் இருக்க அதற்குக் கஞ்சி போட்டு விறைப்பாக்குவார்கள். துணி வெளுக்கப் போகும்போதுதான் அந்தக் கஞ்சி போகும். லேபுக்கு அவள் வழக்கமாகக் கொண்டுவருவது துவைத்த பழந்துண்டுகள். அன்று மட்டும் அப்படி இல்லை.

“ஒங்க வீட்டுப் பாலுன்னுதான்” என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. “தொடச்ச துணில வடிக்கக் கூடாதுன்னு தறில இருந்து எறக்குன புதுத் துணியா எடுத்தேன். சுத்தமா இருக்கட்டும்னு.”

என் வீட்டுப் பாலுக்கு மட்டும் அவள் கொடுத்த மரியாதை அது. அந்த மரியாதைதான் பாலை நீலமாக்கியது. போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. நான் சிரிக்க ஆரம்பித்தேன், அவள் அழுதுகொண்டே சிரித்தாள், அவன் டெஸ்ட் டியூபைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “ராஜபாளையம் பேண்டேஜ் மேல கலப்படக் கேஸ் போடுதேன்!” என்று போலீஸ் குரலில் கத்தினான். சத்தம் கேட்டு வந்த மேடம், விஷயத்தைக் கேட்டு, “பிளாங்க் போடலையா நீங்க?” என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். அந்த ஒரு நிமிஷம் எங்கள் மூன்று பேருக்கும் அந்த லேபைவிட்டு வேறு எங்கேயும் போகத் தோன்றவில்லை.

முந்தின நாள் அப்பாவுக்குத் தெரியாமல் வீட்டில் அயோடின் விட்டுப் பார்த்ததையும் அவர்களிடம் சொன்னேன். அன்றைக்கு ஒரு விதி போட்டோம். அவரவர் வீட்டுச் சாமானை அவரவரே சோதிக்கக் கூடாது. பிளாங்க் இல்லாமல் யாருக்கும் முடிவு சொல்லக் கூடாது. கண்காட்சியில் அந்தத் துணியையும் வைத்தோம். வெறும் தண்ணீரைத் துணியில் வடித்து நீலமாக்கிக் காட்டினால் கூட்டம் வாயைப் பிளந்தது. செங்கல் தூளைவிட அதற்குத்தான் மவுசு. ராஜபாளையத்திலிருந்து வந்திருந்த தறிக்காரர்கள், “அட, நம்ம கஞ்சிதானய்யா” என்று ஒருவரை ஒருவர் இடித்துச் சிரித்தார்கள். அந்த மேஜையை விட்டு அவள் நகரவே இல்லை. எந்தக் கஞ்சி எந்தச் சூட்டில் போகும் என்று வருகிறவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிற்பாடு அதையே ப்ராஜெக்டாக எடுத்து, துணி வேதியியல் படிக்கக் கோயம்புத்தூர் போனாள். அவன் எஸ்.ஐ. பரீட்சையை இன்னும் விடவில்லை. ஆனால் இப்போது தடய அறிவியல் என்று ஒரு புது வார்த்தையைச் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

என் கதை கண்காட்சி அன்று முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

சாயங்காலம் அப்பா வந்தார். வேலைச் சட்டையை மாற்றி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஒரு சின்னப் பாத்திரத்தில் பாலோடு. என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி வரிசையில் நின்றார். அவர் முறை வந்தபோது நான் ஒதுங்கிக்கொண்டேன். ராஜபாளையத்துக்காரிதான் சோதித்தாள். “பழுப்பு அப்பா! சுத்தமான பாலு!” என்று அறிவித்தாள். அதோடு விட்டிருக்கலாம். அவளுக்குத்தான் மெதுவாகவும் பேசத் தெரியாதே, பாதியில் நிறுத்தவும் தெரியாதே.

“போன வாரம் இது என்னா நீலமாச்சு தெரியுமா அப்பா? ஒங்க மக முகத்துல ஈயாடல! அயோடின வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயி, நீங்க இல்லாத நேரமாப் பாத்து ஒங்க பால டெஸ்ட் பண்ணிருக்கா! பொறவு பாத்தா எங்க வீட்டுத் துணி!”

அவள் சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றதை நான் மட்டும் பார்த்தேன். தன் மகள் தன்னை நம்பவில்லை என்பதை அந்தக் கூட்டத்தில் வைத்துத்தான் அவர் தெரிந்துகொண்டார்.

அப்பாவின் எக்ஸெல்லில் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தேன். பெட்ரோல் போட நிறுத்தினபோது “சாப்பிட்டியா?” என்று கேட்டார். “சாப்பிட்டேன்” என்றேன். சாப்பிடவில்லை. அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஊருக்கெல்லாம் பதில் சொல்கிற வாய் அது. வீட்டில் அவர் சீக்கிரமே படுத்துவிட்டார். “என்ன, ஒங்கப்பாவுக்கு மேலுக்குச் சொகமில்லையா?” என்று அம்மா கேட்டார். தெரியாது என்றேன்.

மறுநாள் விழித்தபோது ஏதோ குறைந்தது. செத்த நேரம் கழித்துத்தான் என்னவென்று புரிந்தது. முந்திரித் தோடு எரிகிற வாசனை வரவில்லை. மழை நாளிலும் காய்ச்சல் நாளிலும் அந்த நேரத்துக்கு அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். பயந்துபோய்க் கொட்டகைக்கு ஓடினேன்.

பால் எல்லாம் கேனிலேயே இருந்தது. அடுப்பு சில்லென்று கிடந்தது. அப்பா முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால், பால் கொடுக்கிற வீட்டுக்கு ஒன்றாக, டம்ளர்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பால், கேஸ் அடுப்பில் வைத்துக் காய்ச்சி ஆற்றினது. நான் ஜன்னலில் மறந்து வைத்திருந்த அயோடின் பாட்டில் பக்கத்தில் இருந்தது.

“இன்னும் அடுப்பு பத்த வைக்கலையாப்பா?”

“நீ வரட்டும்னு இருந்தேன்” என்றார். “நீ எங்கிட்டக் கேட்டிருந்தா நான் ‘இல்ல’ன்னுதான் சொல்லிருப்பேன். கலக்குறவனும் அதத்தான சொல்லுவான்? அப்ப நீ எப்படி நம்புவ?”

அவர் பாட்டிலை எடுத்து என் கையில் கொடுத்தார்.

“மத்தவன் பால நானும் வாயி வார்த்தைக்குத்தான வாங்குதேன். பாத்துச் சொல்லு. பொறவு ஏத்துதேன்.”

ஒவ்வொரு டம்ளராகச் சொட்டு விட்டுக்கொண்டு போனேன். பக்கத்தில் குனிந்து அவரும் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசி டம்ளரும் பழுப்பானதும், தலையை நிமிர்த்தி, “ஏத்தலாமா?” என்று கேட்டார். இருபது வருஷமாக யாரையும் கேட்காமல் அடுப்பு மூட்டினவர். “ஏத்துங்கப்பா” என்றேன். அப்புறம்தான் தீக்குச்சியைக் கிழித்தார்.